ரப்பர் மட்டும்தான்

வடக்கே வானம் கறுக்கத் தொடங்கினாலே
இளம்வழுதி காரை உள்ளே விட்டுவிடுவான்.
வருஷத்துக்கு நாற்பத்தைந்து நாள்தான் அதற்குச் சாலை,
அதில் ஒன்றை மழைக்கா கொடுப்பது?
ஆனால் இந்த ஊரில்
மழை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது.

ஐம்பத்து மூன்றாம் வருஷத்து மோரிஸ்,
மோர்க்குழம்பு நிறம்.
அதன் வைப்பர்களுக்கு வீடு திரும்பத் தெரியாது.
எந்த நொடியில் சுவிட்சை அணைத்தாலும்
அந்த நொடியிலேயே நின்றுவிடும்,
பதில் தெரியாமல் கை தூக்கிவிட்ட பையன் மாதிரி
கண்ணாடி நடுவே.
கீழே வந்து தொடும் அரை மூச்சுக்குள்
அணைத்துவிட வேண்டும்.
இளம்வழுதிக்கு அது வரும்.
தைப்பூசத்தில் உறுமி ஒரு பக்கம் போக
இவன் தலை ஒரு பக்கம் ஆடும்,
கைதட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.
இந்த ஒரு தாளம் மட்டும்
பிசகியதே இல்லை.

அக்டோபரில், இயோ சூ காங் சாலையில்,
ஓட்டியது நான்.
துடைக்கத் துடைக்கக் கண்ணாடி
எண்ணெய் தடவிய தோசைக்கல்லாய் ஆனது.
முன்னால் போன பேருந்தின் பிரேக் விளக்கு
சிவப்பாய்க் கரைந்து எங்கும் பரவியதில்
பேருந்து எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.
நின்றபோது இடையில் ஒரு சாண்.
அவன் சொன்னான்:
"அசல் பாகம். அப்படித்தான் இருக்கும்."

பிறகு இரண்டு நாள் கழித்து,
நான் கேட்காமலே:
"ரப்பர் மாற்றிக்கொள்.
ரப்பர் மட்டும்தான்."

சின் மிங்கில் கோக் லியாங்
கடையில் விற்கும் எதுவும் பொருந்தாது என்று
பதினான்கு அங்குல சிலிக்கான் ரப்பரைக்
கத்தரிக்கோலால் பத்தாக வெட்டினார்.
கையை லேசாக வளைத்து
கண்ணாடியோடு ஒட்ட வைத்தார்.
பிறகு மோட்டாரைத் திறந்து, மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து,
"இது துடைக்கல. கெஞ்சுது" என்றார்.
வேறு ஒன்று இருந்தது அவரிடம்.
அணைத்தால் போதும்,
அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும்.

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான்.
அந்த ஒரு சாண்தான் யோசித்தது.
அதே இடம், அதே சுவிட்ச்,
வெளியே தெரியக் கூடாது என்றேன்.
இருநூற்று எண்பது வெள்ளி,
என் கணக்கிலிருந்து.
பழைய மோட்டார் துண்டில் சுற்றி
வீட்டு பாம்ப் ஷெல்டருக்குள்,
பெரிய சூட்கேஸுக்குப் பின்னால் இருக்கிறது.

அன்று மாலை கார் நிறுத்தத்தில், தனியாக,
மழையில்லாத கண்ணாடி கீச்சிட
மூன்று முறை
வேண்டுமென்றே பாதியில் அணைத்துப் பார்த்தேன்.
மூன்று முறையும்
யார் தயவும் இல்லாமல் திரும்பி வந்தது.

நவம்பர் ஞாயிறு, அப்பர் தாம்சனில் மழை விட்டது.
அவன் கழுத்தைச் சற்றுச் சாய்த்தான்.
உதடு எண்ணியது.
விரல் காத்திருந்து, விழுந்தது.
வைப்பர்கள் அடங்கின.
"பார்த்தாயா" என்றது புருவம்.
பார்த்தேன்.
அப்போது சொல்லியிருக்கலாம்.
நல்ல மழை என்று ஏதோ சொன்னேன்.

நேற்று
மேலாளர் செய்த அநியாயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவன்
பேச்சு மும்முரத்தில், எண்ணாமல்,
நட்ட நடுவில் அணைத்துவிட்டான்.

அவை நிற்கவில்லை.
மெதுவாக, முழுதாக இறங்கிப்
படுத்தன.

அவன் தன் விரலைப் பார்த்தான்.
கண்ணாடியைப் பார்த்தான்.
நான் அந்நேரம்
சாலையோர டுரியான் கடையில் விலை எழுதிய அட்டையை
மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தேன்.

சிக்னல் பச்சையானது.
பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.

"நல்ல ரப்பர்"
என்றான்.